சொந்தப் பாட்டைச் சொந்தமாக வெளியிடுவது எப்படி? புதிதாக ராக் பேண்ட் தொடங்குகிறவர்களுக்கு

நாங்கள் நான்கு பேர், சென்னையில் இருக்கிறோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல். எங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்ய 9 நாள் ஆனது. அதை ஸ்பாட்டிஃபையில் வரவைக்க 7 மாதம் ஆனது. அந்த 7 மாதமும் போனது கையெழுத்துக்கும், வங்கிக் கணக்குக்கும், பெயர்க் குழப்பத்துக்கும்தான். முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதில் 6 மாதம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படக் கம்பெனியோ, லேபிள் என்கிற பெரிய இசை நிறுவனமோ இல்லாமல், சொந்தக் காசில் சொந்தப் பாட்டை வெளியிட நினைக்கிற இந்திய பேண்டுகளுக்கான வழி இது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நாங்கள் முதல் படியைக் கடைசியில் செய்தோம். வந்த சிக்கல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

1. ரெக்கார்டிங்குக்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்

எங்கள் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு, நான் போட்டது. வரிகள் பாடுகிற நண்பருடையவை. நடுவில் தாளம் மாறுகிற இடம் டிரம்மரின் யோசனை. ஜாம் ரூம் என்கிற ஒத்திகை அறையில் இருந்தபோது இதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. மிக்சிங், அதாவது பதிவான ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் வேலை, முடிகிற நேரத்தில் டிரம்மருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அவர் கிளம்பிப் போனார். நாங்கள் பாட்டை ஏற்றிவிட்டு விவரத்தைக் குழுவில் பகிர்ந்தோம். பத்து நிமிடத்தில் போன் வந்தது: "மச்சான், கம்போசர்னு போட்ட இடத்துல என் பேரு எங்கடா?" அவர் கேட்டது நியாயம். பாட்டைத் திரும்ப எடுத்தோம், பேசினோம், எழுதினோம். இரண்டு மாதம் போனது. நட்பு போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் ஒரு பாட்டு என்று சொல்வதைச் சட்டம் மூன்றாகப் பார்க்கிறது. வரிகள் ஒரு படைப்பு. இசையமைப்பு, அதாவது மெட்டும் அதன் அமைப்பும், இன்னொரு படைப்பு. ஸ்டுடியோவில் பதிவான ஒலி மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம், மூன்றுக்கும் பணம் தனித்தனி வழியில் வரும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் மீதிப் படிகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

நாங்கள் கடைசியில் எழுதிக்கொண்டது இது: வரிகள் முழுவதும் எழுதியவருக்கு. இசையமைப்பில் எனக்கு 40%, மற்ற மூவருக்கும் ஆளுக்கு 20%. ஒலிப்பதிவின் செலவு சரிசமம், அதனால் வரவும் சரிசமம். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் சமமாகப் பிரிப்பதும் நல்ல வழிதான். எண்களை முதலிலேயே எழுதுவதுதான் முக்கியம். சென்னையின் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட் மாதிரி பெரிய குழுவாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஆள் கூடக் கூட, யார் என்ன செய்தார் என்பது ஆறே மாதத்தில் மறந்துபோகும்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: பாட்டின் பெயர், தேதி, பான் அட்டையில் உள்ளபடி ஒவ்வொருவரின் பெயர், மூன்று படைப்புகளுக்கும் சதவீதம், யார் எவ்வளவு செலவு செய்தார், ஒருவர் விலகினால் என்ன ஆகும், பேண்டின் பெயர் யாருக்கு. நான்கு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து போடுங்கள். முத்திரைத்தாளில் அடித்தால் நல்லது. அதற்கு நேரம் இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதி, ஸ்கேன் எடுத்து, நால்வருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, 'புரொட்யூசர்' என்ற சொல். நாம் பீட் போட்டு, ஒலியைச் செதுக்கித் தருகிறவரை மியூசிக் புரொட்யூசர் என்கிறோம். பதிப்புரிமைச் சட்டத்தில் புரொட்யூசர் என்றால், அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். ஒலிப்பதிவின் உரிமை அவருக்குத்தான். ஸ்டுடியோ பில்லில் 'புரொட்யூசர்' என்று வேறொருவர் பெயர் இருந்தால் பின்னால் வம்பு வரும். வெளியாட்கள் யார் வந்தாலும், ஒரு நாள் வயலின் வாசித்தவராக இருந்தாலும், "பணம் பெற்றுக்கொண்டேன், இந்தப் பதிவை இந்த பேண்ட் வெளியிட ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். அன்றைக்கே வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அவர் வேறு ஊரில் கச்சேரியில் இருப்பார்.

இரண்டாவது, இனிஷியல். எங்கள் பேஸ் வாசிப்பவருக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால், பானில் அப்பா பெயர் முழுதாக முன்னால், வங்கியில் வெறும் ஓர் எழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க முடியாது. அவருக்குப் போன பணம் இரண்டு முறை திரும்பி வந்தது. வங்கிக் கிளைக்குப் போய்ப் பான் அட்டைப்படி பெயரை மாற்ற 12 நாள் ஆனது. பாட்டு எழுத உட்காரும் முன்பே நால்வரின் ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

2. பேண்டுக்குப் பெயர்

பிடித்த பெயரை முடிவு செய்துவிட்டு டி-ஷர்ட் அடிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மூன்றிலும் தேடுங்கள். பிறகு வணிகச் சின்னப் பதிவகத்தின் இலவசத் தேடல் பக்கத்தில் 41-ஆம் வகுப்பிலும் 9-ஆம் வகுப்பிலும் தேடுங்கள். 41 என்பது நிகழ்ச்சிக்கு, 9 என்பது பதிவு செய்த இசைக்கு. நாங்கள் இதைச் செய்யவில்லை. எங்கள் பாட்டு தென்னமெரிக்காவில் இருக்கிற அதே பெயர் கொண்ட ஒரு டிஜேயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அதைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆனது.

பெயரைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்வதென்றால் டிஎம்-ஏ படிவம், ஆன்லைனில், தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சிறு தொழில் பதிவோ ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ இல்லாத நிறுவனத்துக்கு 9,000. விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு 4 மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், ஆகவே சீக்கிரம் முடியாது. அதற்காகப் பாட்டை நிறுத்திவைக்க வேண்டாம். ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டணம் குறைவு என்று ஒருவர் பெயரில் விண்ணப்பித்தால், சட்டப்படி பெயர் அவருடையதாகிவிடும். அவர் அதை பேண்டுக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று முதல் படியில் எழுதிய தாளில் சேருங்கள்.

3. ரெக்கார்டிங்: செலவும் கேட்டு வாங்க வேண்டியவையும்

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். ஜாம் ரூம் மணிக்கு 400, இரண்டு மணி நேரமாக 10 நாள், 8,000. டிரம்ஸ் பதிவுக்கு வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ, ஒரு நாள் 12,000. குரலுக்கு 4 மணி நேரம், 4,000. கிட்டாரும் பேஸும் வீட்டில். மிக்சிங் 10,000. மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் செய்கிற கடைசி ஒலிச் சீரமைப்பு, 3,500. அட்டைப்படம் 2,500. ஆக மொத்தம் 40,000. இதைவிடக் குறைவாகவும் முடியும், ஆனால் டிரம்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கிட்டாரை வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க எடுத்துவிடலாம். டிரம்ஸுக்கு நல்ல அறை வேண்டும். எங்களுக்கு அன்று காலை முழுவதும் ஸ்நேர் டிரம்மின் தோலை இறுக்கித் தளர்த்திச் சரிசெய்வதிலேயே போனது. முதல் டேக் எடுக்கும்போது மணி ஒன்றரை. வேகம் மாறாமல் இருக்க 'டிக் டிக்' என்று ஒலிக்கிற கிளிக் ட்ராக்கோடு வாசித்துப் பழகாமல் ஸ்டுடியோவுக்குப் போகவே போகாதீர்கள். அங்கே ஓடுவது உங்கள் காசு.

முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டியவை: 24 பிட் வேவ் கோப்பு, குரல் இல்லாத வடிவம், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக இருக்கிற ஸ்டெம்கள், ரெக்கார்டிங் மென்பொருளின் முழு செஷன் கோப்பு. பணம் கொடுக்கிற அன்றே உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். "அப்புறம் வாங்கிக்கறோம்" என்று வந்தோம். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது அங்கே டிஸ்க் பழுதாகி எல்லாம் போயிருந்தது. ஒரு குறும்படத்துக்குக் குரல் இல்லாத வடிவம் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை.

இணையத்தில் கிடைக்கிற ராயல்டி இல்லாத லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற ஒலித் துண்டுகளை, பயன்படுத்தினால் எந்த லூப், எங்கிருந்து, என்ன உரிமம் என்று குறித்துவையுங்கள். அதே லூப்பை உலகத்தில் ஆயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டை, அடுத்தவர் வீடியோவில் நம் ஒலி வந்தால் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அடுத்தவர் வீடியோமேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போகும், அல்லது உங்கள் வீடியோமேலேயே ஒன்று வரும்.

4. பதிப்புரிமைப் பதிவு

பாட்டை உருவாக்கிய கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்யுங்கள் என்பேன். வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் முதல்நிலைச் சான்றாக நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வரிகளுக்கு 500 ரூபாய், இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. மூன்றும் தனித்தனி விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு டைரி எண் கிடைத்ததும், ஆட்சேபணை வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகுதான் பரிசீலனை. மற்றவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதங்கள் இங்கே தேவைப்படும். முதல் படியில் எழுதி வாங்கியவை இப்போது உதவும்.

இதெல்லாம் சின்ன பேண்டுக்கு எதற்கு என்று எங்களிடம் பலர் கேட்டார்கள். 2022-ல் கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் என்ற பேண்ட், தங்கள் 'நவரசம்' பாட்டை 'காந்தாரா' படப் பாட்டு ஒன்று நகலெடுத்ததாகச் சொல்லிக் கோழிக்கோடு நீதிமன்றம் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. படம் எவ்வளவு பெரியது என்பது அந்த நேரத்தில் குறுக்கே நிற்கவில்லை. சின்ன பேண்டின் பாட்டும் பெரிய படத்தின் பாட்டும் சட்டத்தின் முன் ஒரே வகைப் படைப்புதான். ஆனால் 'இது எங்களுடையது' என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

5. டிஸ்ட்ரிபியூட்டர்

ஸ்பாட்டிஃபைக்கோ ஆப்பிள் மியூசிக்குக்கோ நாம் நேரடியாகப் பாட்டு அனுப்ப முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வகை, எத்தனை பாட்டும் ஏற்றலாம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு தடவை கட்டணம் வாங்கி, வருவாயில் 9% எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு நான்கைந்து பாட்டு விடுவீர்கள் என்றால் சந்தா லாபம். ஒன்றே ஒன்று விட்டுவிட்டுப் படிப்பு, வேலை என்று போகப் போகிறீர்கள் என்றால் ஒருமுறைக் கட்டணம் நிம்மதி. சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால் பாட்டுகள் இறங்கிவிடலாம். கார்டு காலாவதி ஆகிற தேதியைக் காலண்டரில் எழுதிவையுங்கள்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவற்றில் பெரியது பாட்டின் பெயர். எங்கள் பாட்டுப் பெயரில் 'தாழை' என்ற சொல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-எச் போடாமல் எல் போட்டுவிட்டார் நண்பர். தாழை 'தலை' ஆகிவிட்டது. கேட்க நினைத்தவர்கள் தேடினால் கிடைக்கவில்லை. எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு தடவை முடிவு செய்து, அட்டைப்படம், யூடியூப், போஸ்டர் எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். பாட்டின் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஆங்கிலம் என்று தானாக நிற்கும்.

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல், சதுரம். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து கொண்ட அடையாள எண்ணை டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். அதைப் பத்திரமாக எழுதிவையுங்கள். பின்னால் வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினால் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். புது எண் வாங்கினால், சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கெல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு.

வெளியீட்டுத் தேதிக்கு 4 வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆர்ட்டிஸ்ட் கணக்கைக் கைவசப்படுத்தி, குறைந்தது 7 நாள் முன்பு பாட்டை, பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கிற அவர்களின் ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்க வேண்டும். வெளியான பிறகு அந்த வாய்ப்பு கிடையாது. நாங்கள் வெளியாகிற வாரத்தில்தான் ஏற்றினோம், அது போயிற்று. அந்தப் பரிந்துரைப் பெட்டியில் நாலைந்து வரி எழுதலாம். "வித்தியாசமான முயற்சி" என்று எழுதாமல், என்ன கருவிகள், என்ன மாதிரி ஒலி, எந்த ஊர் என்று சொல்லுங்கள்.

6. பணம் வருகிற வழிகள்

ஒலிப்பதிவுக்கான பணம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியே வரும். பொதுவாக இரண்டு மூன்று மாதம் பின்தங்கித்தான் கணக்கு வரும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுப் பணம் தருவதில்லை. முதல் இலக்கு அந்த ஆயிரம்தான். டிஸ்ட்ரிபியூட்டர் அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். அமெரிக்க வருவாயில் ராயல்டிக்கு 30% பிடிப்பது, இந்தியாவோடு இருக்கிற வரி ஒப்பந்தப்படி 15% ஆகும். பத்து நிமிட வேலை. நாங்கள் முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

பாடல் வரிகளுக்கும் இசையமைப்புக்குமான பணம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியே வராது. அதை வசூலிப்பது ஐபிஆர்எஸ் என்கிற பதிப்புரிமைச் சங்கம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும், பேண்டாகச் சேர முடியாது. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டின் விவரம், வாரிசு நியமனம் இவையெல்லாம் தேவை. கூடவே உரிமை ஒப்படைப்புப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து போட வேண்டியிருக்கும். அதை முழுவதும் படியுங்கள். உறுப்பினரானதும் ஒவ்வொரு பாட்டையும் சதவீதத்தோடு பதிவு செய்ய வேண்டும். நால்வரும் ஒரே எண்களைச் சொல்ல வேண்டும். நான் 40 என்று போட்டு, இன்னொருவர் தனக்கு 30 என்று போட்டால் மொத்தம் நூறைத் தாண்டி, பணம் நின்றுவிடும்.

யாராவது லேபிள் ஒப்பந்தம் நீட்டினால், சந்தோஷத்தில் அன்றே கையெழுத்து போடாதீர்கள். எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருடம், இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். "எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று எழுதியிருந்தால் நிதானியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை லேபிள் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் தரலாம். வக்கீலுக்கு 3,000 ரூபாய் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அந்த ஒப்பந்தத்தை நாங்கள் போடவில்லை.

7. மேடை

கஃபே, கல்லூரி விழா என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலான பணம் இங்கிருந்துதான் வரும். தேதி, தொகை, பாதி முன்பணம், ஒலி அமைப்பு யார் செலவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். நிறுவனங்கள் பொதுவாக 10% வரியை டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20%. பிடித்தது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், ஏறியிருந்தால்தான் திரும்பக் கேட்க முடியும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அடுத்தவர் பாட்டுகளை வாசிப்பதாக இருந்தால் இடத்துக்காரரிடம் இசை உரிமம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

8. முதல் அறிக்கை வந்ததும்

மூன்றாவது மாதம் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து ஓர் எக்செல் தாள் வரும். நாடு, தளம், ஸ்ட்ரீம் எண்ணிக்கை, தொகை என்று ஒவ்வொரு வரியும் பைசாக் கணக்கில் இருக்கும். தொகையைப் பார்த்துவிட்டு மூடாமல் நாடு என்ற பத்தியைப் படியுங்கள். எங்களைச் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. அடுத்த பாட்டின் விளம்பரத்தைச் சென்னையோடு நிறுத்தாமல் அங்கேயும் போட்டோம்.

பணம் கணக்கில் விழுந்த அன்றே பிரித்து அனுப்பிவிடுங்கள், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும். எங்களுக்கு முதலில் வந்தது 412 ரூபாய். ஒலிப்பதிவுப் பணம் என்பதால் சரிசமம், ஆளுக்கு 103. பெங்களூரில் இருக்கிற டிரம்மருக்கும் அதே 103-ஐ அன்றே அனுப்பிவிட்டு, தேதியையும் தொகையையும் நால்வரும் பார்க்கிற கூகுள் ஷீட்டில் முதல் வரியாக ஏற்றினோம். இப்போது அந்தத் தாளில் 31 வரிகள் இருக்கின்றன.